கால்நடை நோய்க்குத் திட்டம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவட்ட அளவிலான கால்நடை நோய்த் தயார்நிலைத் திட்டங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை, பணி ஓய்வுக்குப் பிறகும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. புதிதாக இதை எழுத வருபவர்கள் கெட்டிக்காரர்கள். கணினியில் வரைபடம் போடுகிறார்கள், வெளிநாட்டு ஆய்வுகளை எல்லாம் படித்திருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் தலைமுறை எழுதிய திட்டங்களில் இருந்த அதே ஓட்டைகள் அவர்கள் வரைவுகளிலும் அப்படியே இருக்கின்றன.

தடுப்பூசியின் குளிர்ச்சியைக் காக்காமல் விடுவது, மாறிப்போன தொலைபேசி எண்ணைத் திருத்தாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாராவது கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவார்கள். எவர் கண்ணிலும் படாமல் கையெழுத்தாகிப் போகும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதல் தகவல் தானாக வந்துவிடும் என்று நம்புவது

பறவைக் காய்ச்சலுக்கான எந்தத் திட்டத்தை எடுத்தாலும், "சந்தேகத்துக்குரிய இறப்பு குறித்துத் தகவல் கிடைத்தவுடன்" என்றுதான் தொடங்குகிறது. அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். விரைவு நடவடிக்கைக் குழு கிளம்பும், மாதிரி போபால் தேசிய ஆய்வகத்துக்குப் போகும், நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டருக்குள் பறவைகளை அழிப்பார்கள், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். அந்தத் தகவல் ஏன் கிடைக்கும், அதைக் கொடுப்பவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பத்தி கூட இருக்காது. எத்தனை தவறுகளைப் பார்த்தாலும் இந்த ஒன்றைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

"சட்டம் இருக்கிறதே சார்" என்பார்கள். இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உரிமையாளர் உள்ளூர் அலுவலரிடமோ ஊராட்சியிலோ தெரிவிக்க வேண்டும். அந்தப் பிரிவின் எண்ணைத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்த ஒரு சமயம், தேனிப் பக்கம் எல்லையோரக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டு வாசலில் பஞ்சாரம் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் எச்சம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நனைத்த தவிடு பாதி மிச்சம். "ஆத்தா, கோழி எத்தனை இருக்கு?" என்று கால்நடை ஆய்வாளர் கேட்டார். "எங்கிட்ட ஏதுய்யா கோழி? எல்லாம் போன மாசமே வித்தாச்சு" என்றார் அந்த அம்மா. படிவத்தில் பூஜ்யம் என்று எழுதினார்கள். தெருமுனை டீக்கடையில் விசாரித்தால், விடியற்காலையிலேயே மகன் பைக்கில் கூடையைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டானாம். அக்கா ஊர் இரண்டு ஒன்றியம் தள்ளி இருக்கிறது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்கள் வந்து கோழிகளைக் கொல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். பணம் எவ்வளவு, எப்போது, யார் தருவார்கள் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கையில் இருக்கும் ஆறேழு கோழிதான் அவருடைய மருந்துச் செலவும் பேரப்பிள்ளையின் நோட்டுப் புத்தகமும். அவர் செய்தது சரியான கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் திட்டம் எழுதியதுதான் தவறு. நோய் இருந்திருந்தால், அதை இரண்டு ஒன்றியம் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தத் திட்டமேதான். அறிக்கையில் மட்டும் அந்தக் கிராமத்தில் ஆபத்து இல்லை என்று இருந்தது.

அதனால் வரைவு கையில் கிடைத்ததும் நான் முதலில் தேடுவது இழப்பீட்டுப் பக்கத்தை. பெரும்பாலும் "அரசு விதிகளின்படி வழங்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும். அது போதாது.

விகிதம் என்ன என்பது முதல் கேள்வி. கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் என்று கொடுத்திருக்கிறார்கள். ஆலப்புழையில் வாத்து வளர்ப்பவர் கடன் வாங்கிக் குஞ்சு எடுத்து, அறுவடை முடிந்த வயல் வயலாக மேய்த்துக்கொண்டு போகிறவர். அவர் மனதுக்குள் ஓடுவது ஒரே ஒரு கழித்தல்தான்: சந்தையில் விற்றால் எவ்வளவு, சொன்னால் எவ்வளவு. சந்தை விலையை விடத் தொகை மிகவும் குறைந்தால் மறைப்பார்கள். மிஞ்சினாலும் ஆபத்து, நோய் வந்தால் லாபம் என்றாகிவிடும். பிரிட்டனில் 2001 கோமாரி நோயின்போது நிர்ணயத் தொகை அறிவித்ததும் மதிப்பீடுகள் அதற்கு மேலே ஏறிக்கொண்டே போயின.

அடுத்தது, எந்த நாளின் கணக்கு என்பது. அழிக்கும் பறவைக்குத்தான் பணம், முன்பே செத்ததற்கு இல்லை என்று வைப்பதில் ஒரு நியாயம் உண்டு. சீக்கிரம் சொன்னவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் திங்கட்கிழமை போன் செய்தவர் வீட்டுக்குக் குழு வெள்ளிக்கிழமை வந்தால்? இடையில் செத்ததெல்லாம் அவர் நஷ்டம். போன் வந்த நாளின் எண்ணிக்கையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒரே ஒரு வாக்கியம்தான், இதுவரை நான் படித்த வரைவுகளில் அது இல்லை.

பணம் யாருக்கு என்பது இன்னும் சிக்கல். பல்லடம், கோயம்புத்தூர்ப் பக்கம் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த முறையில் வளர்கிறது. குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையது. கொட்டகை, கரண்ட் பில், உழைப்பு எல்லாம் விவசாயியுடையது. பறவைக்கான இழப்பீடு பறவையின் சொந்தக்காரருக்குத்தான் என்றால், தினமும் காலையில் செத்த கோழியைப் பொறுக்கி எடுக்கும் மனிதருக்கு எதுவும் இல்லை. அழித்த பிறகு புதுக் குஞ்சு இறக்கப் பல வாரம் தடை இருக்கும். அந்தக் காலத்துக்கு வளர்ப்புக் கூலி கிடையாது, கொட்டகைக் கடனின் தவணை மட்டும் நிற்காது. முதலில் நோயைப் பார்க்கும் கண் அவருடையது. அவருக்கு ஒரு தொகை எழுதாத திட்டம் அந்தக் கண்ணை மூடச் சொல்கிறது.

மறைக்கக் காரணம் விவசாயிக்கு மட்டும்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2018 ஆகஸ்ட்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தபோது, ஒரு பன்றிக்கான இழப்பீட்டை 800 யுவானிலிருந்து 1,200 யுவானாக உயர்த்தினார்கள். ஆனால் அதில் ஒரு பங்கை உள்ளூர் அரசுகளும் போட வேண்டும். கஜானாவில் பணம் இல்லாத ஒரு மாவட்டத்துக்கு ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு செலவு. நம் ஊரிலும் மத்திய, மாநிலப் பங்கு என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம். மாநிலத்தின் பங்கு எந்தக் கணக்கில் முன்கூட்டியே இருக்கிறது, யார் கையெழுத்தில் எத்தனை நாளில் வெளியே வரும் என்று எழுதாவிட்டால் அந்த விகிதம் வெறும் காகிதத்தில்தான்.

நாமக்கல் மாதிரியான இடத்தில் இது இன்னும் பெரிது. ஒரு பண்ணையில் உறுதியானால் முட்டை விலை எல்லாருக்கும் விழும், ஏற்றுமதி நிற்கும். நோய் வராத பண்ணைக்காரர்களும் சேர்ந்து, "கொஞ்சம் பொறுங்கள்" என்பார்கள். அறிவிப்பால் வரும் இழப்பைச் சிறியதாக்கினால்தான் அறிவிப்பு வரும். 2023இல் இந்தியா, பறவைக் காய்ச்சல் இல்லாதவை என்று 26 கோழிப் பண்ணைத் தொகுதிகளைத் தனியாக அறிவித்து, உலக விலங்கு சுகாதார அமைப்பும் அதை வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பண்ணைகளும் அதில் உண்டு. பக்கத்து மாவட்டத்தில் நோய் வந்தாலும் தங்கள் வியாபாரம் அடியோடு நின்றுவிடாது என்ற நம்பிக்கையை இப்படிப்பட்ட ஏற்பாடு தருகிறது. நோய் பண்ணைக்குள் நுழையாமல் காக்கும் உயிர்ப் பாதுகாப்பு என்றால் வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைப்பது மட்டும்தான் என்று எழுதுபவர்கள் இதை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

தெரிந்த நோயின் பெயரோடு நின்றுவிடுவது

1998 கடைசியில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணையாட்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஏற்கெனவே தெரிந்த ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். அதற்குள் பயந்துபோய் விற்ற பன்றிகள் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயும் பரவிவிட்டது. 1999 மார்ச்சில்தான் அது நிபா என்ற புது வைரஸ் என்று தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளை அழித்தார்கள்.

நம்மிடம் கோடையில் கோழி செத்தால் வெள்ளைக் கழிச்சல் என்று உடனே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அதுதான். ஆனால் எந்தக் கட்டத்தில் அந்த நினைப்பைக் கைவிட வேண்டும் என்று திட்டம் சொல்ல வேண்டும். தடுப்பூசி போட்ட மந்தை சாகிறது, காக்காயும் வாத்தும் கூடவே சாகின்றன, பண்ணையாளுக்குக் காய்ச்சல் என்றால் பழைய பெயரை அழித்துவிட்டு மாதிரி எடுக்க வேண்டும்.

வரைபடத்தில் வட்டம் போட்டு முடித்துக்கொள்வது

நோய் வட்டமாகப் பரவுவதில்லை. லாரி போகும் வழியில் பரவுகிறது. 2001 பிப்ரவரி 20 அன்று பிரிட்டனில் கோமாரி உறுதியானது. நாடு முழுக்கக் கால்நடை நகர்வுக்குத் தடை 23ஆம் தேதிதான் வந்தது. ஒரே சமயத்தில் பத்துப் பண்ணைகள் வரை பாதிக்கப்படலாம் என்றுதான் அவர்கள் திட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் முதல் பண்ணை உறுதியாகும் முன்பே, ஆட்டுச் சந்தைகள் வழியாகக் குறைந்தது 57 இடங்களுக்கு நோய் போய்விட்டிருந்தது. கடைசியில் 2,026 இடங்களில் நோய் உறுதியானது, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை அழித்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. இலங்கையில் மாட்டு வெக்கை நோய் நாற்பது ஆண்டுகளாக இல்லாமல் இருந்தது. 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுபோன ஆடுகளோடு அது திரும்பவும் தீவுக்குள் நுழைந்தது. நடுவில் கடல் இருந்தது. எந்த வட்டத்துக்குள்ளும் அது வராது.

பொள்ளாச்சிச் சந்தைக்கு எந்தெந்த ஊர் மாடு வருகிறது, கேரளத்துக்கு எந்தச் சோதனைச்சாவடி வழியாகப் போகிறது என்பது அங்கே தரகு பார்ப்பவர்களுக்கு மனப்பாடம். திட்டம் எழுதும் குழுவில் ஒரு தரகரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

புதைக்கும் இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

இப்போதே பாருங்கள், நிலத்தடி நீர்மட்டத்தோடு. குட்டநாட்டில் தோண்டினால் தண்ணீர்தான் வரும், அங்கே எரிக்கிறார்கள்.

சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள்

ஆபத்தின் அளவைக் காட்டப் போடும் நிறத்துக்குப் பின்னால் காரணம் எழுத முடியவில்லை என்றால் நிறமும் வேண்டாம்.

ஒத்திகையைக் கூட்ட அரங்கில் முடித்துக்கொள்வது

சந்தை நாளில், சந்தையிலேயே நடத்துங்கள்.

போபால் முடிவு வரும்வரை காத்திருப்பது

பறவைக் காய்ச்சலை உறுதிசெய்வது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம். மாதிரி எடுத்து, கட்டி அனுப்பி, முடிவு வரும்வரை நாட்கள் போகும். அந்த நாட்களில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பண்ணை வாசலை மூடலாம். அட்டை முட்டைத் தட்டு திரும்ப வெளியே போகாமல் நிறுத்தலாம், தீவன வண்டியைச் சாலையிலேயே இறக்கச் சொல்லலாம், ஒரு கொட்டகை ஆள் இன்னொரு கொட்டகைக்குள் போகாமல் பார்க்கலாம். இவற்றுக்கு ஆய்வக முடிவு தேவையில்லை. யார் உத்தரவு போடுவது என்ற தெளிவுதான் தேவை. மருந்தகத்தில் இருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கே அந்த அதிகாரத்தைத் தர வேண்டும். அவர் உதவி இயக்குநரைக் கேட்டு, உதவி இயக்குநர் மண்டல இணை இயக்குநரைக் கேட்டு, அப்புறம் ஆட்சியரிடம் போவதற்குள் இரண்டு லோடு முட்டை கிளம்பியிருக்கும்.

முடிவு "நோய் இல்லை" என்று வந்தால், அந்த நாட்களில் தேங்கிப் பாழான முட்டைக்கு யார் பணம் தருவது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாமல் ஒரு பண்ணையை மூடினால், அடுத்த தடவை அந்தப் பண்ணைக்காரர் மாதிரி எடுக்கவே உள்ளே விடமாட்டார்.