ரெஸ்யூமேயை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்

ரெஸ்யூமேயை பிடிஎஃப் ஆக்கியதும், முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிகள் குழம்பிக் கிடந்தால், விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளுக்கும் பெரும்பாலும் அப்படியேதான் போய்ச் சேரும். அது அழகைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டும் உருவி எடுக்கிறது. பக்கத்தை இடம், வலம் என இரண்டாகப் பிரித்திருந்தால் 'பி.இ., 2026' என்ற வரிக்கு நடுவே 'ஜாவா, பைதான்' புகுந்துகொள்ளலாம். படமாக வைத்த கைபேசி எண் காணாமலே போகும். திறமைக்கு ஐந்து நட்சத்திரம் போடுவதும் வீண்தான். படிக்கும் மனிதருக்கும் அது எதையும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் எழுதினால் பெரும்பாலான சிக்கல் தீர்ந்துவிடும்.

கேம்பஸ் நேர்காணலில் அச்சுப் பிரதியை மட்டும் கையில் கொடுப்பவர்களுக்கும், கல்லூரி தரும் படிவத்தையே நிரப்புபவர்களுக்கும் இந்தச் சோதனை தேவையில்லை.