பல கிளப் மாறிய வீரரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: விளாதிமிர் யூகோவிச்சை முன்வைத்து

ரெட் ஸ்டார் பெல்கிரேட், ராட், சாம்ப்டோரியா, யுவெண்டஸ், லாசியோ, அட்லெட்டிகோ மாட்ரிட், இண்டர் மிலான், மொனாக்கோ, அட்மிரா வாக்கர், ஆலென். செர்பியக் கால்பந்து நடுக்கள வீரர் விளாதிமிர் யூகோவிச் 2005 வரை ஆடிய கிளப்புகள் இவை. இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "எங்கும் நிலைக்காதவர், காசு எங்கே அதிகமோ அங்கே போனவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இரண்டு வெவ்வேறு கிளப்புகளோடு ஐரோப்பாவின் உச்சக் கோப்பையை வென்ற ஒருவருக்கு இந்த ஒரு வரி நியாயமே இல்லை. இவரைப் பற்றி, இவரைப்போல ஊர் ஊராக ஆடியவர்களைப் பற்றி எழுதும்போது அடிக்கடி நேரும் பிழைகளைச் சொல்கிறேன்.

புறப்பட்ட காரணத்தைக் கேட்காமல் விடுவது

1991 மே 29 அன்று இத்தாலியின் பாரி நகரில் மார்செய் அணியை பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தி ரெட் ஸ்டார் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. யூகோவிச்சுக்கு அப்போது வயது 21. அந்த அணியில் செர்பியர்கள் மட்டும் இல்லை. மாசிடோனியாவின் பான்செவ், மாண்டினீக்ரோவின் சவிசெவிச், பின்னாளில் குரோஷியாவுக்கு ஆடிய ப்ரோசினெச்கி, ருமேனியாவிலிருந்து வந்த பெலோடெடிச் என எல்லோரும் ஒன்றாக ஆடினார்கள். அடுத்த சில மாதங்களில் யூகோஸ்லாவியாவில் போர் மூண்டது.

நடப்புச் சாம்பியனான ரெட் ஸ்டார் அடுத்த பருவத்தில் தன் 'சொந்த மைதான' ஐரோப்பிய ஆட்டங்களை ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் ஆட வேண்டியிருந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டுடனான ஐரோப்பிய சூப்பர் கோப்பை இரண்டு ஆட்டங்களாக நடந்திருக்க வேண்டும். ஓல்ட் டிராஃபோர்டில் ஒற்றை ஆட்டமாகச் சுருங்கியது. இதற்கு நடுவில்தான் 1991 டிசம்பரில் டோக்கியோவில் சிலியின் கோலோ கோலோ அணியை 3-0 என்று வென்று கண்டங்களுக்கு இடையிலான கோப்பையைக் கைப்பற்றினார்கள். முதல் பாதி முடிவதற்குள் சவிசெவிச் சிவப்பு அட்டை வாங்கிவிட, பத்துப் பேரோடு ஆடிய ஆட்டம் அது. மூன்று கோல்களில் இரண்டு யூகோவிச் அடித்தவை. ஆட்ட நாயகனும் அவரே.

1992 கோடையில் அந்த அணி சிதறியது. மிஹாய்லோவிச் ரோமாவுக்கு, பான்செவ் இண்டருக்கு, சவிசெவிச் ஏசி மிலானுக்கு, யூகோவிச் சாம்ப்டோரியாவுக்கு. ஊரே பற்றி எரியும்போது வெளியேறியவர்களின் இடமாற்றத்தையும், அமைதியான நாட்டில் சம்பள உயர்வுக்காகக் கிளப் மாறுவதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த வசந்தத்தில் ஐரோப்பியக் கோப்பையின் குழுச் சுற்றில் ரெட் ஸ்டாரை வெளியேற்றிய அணி சாம்ப்டோரியாதான். எதிரில் நின்று அவர் ஆடியதைப் பார்த்த கிளப்தான் அவரை அழைத்துக்கொண்டது.

கிளப்பை மட்டும் பார்த்து ஆளைப் பார்க்காமல் இருப்பது

என் கணிப்பில் இதுதான் தவறுகளில் பெரியது. கிளப் பெயர்களுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் பெயர்களையும் எழுதிப் பாருங்கள், சிதறியதுபோல் தெரியும் பட்டியல் கோவையாகிவிடும்.

சாம்ப்டோரியாவில் அவரை நடத்தியவர் ஸ்வென்-யோரான் எரிக்சன். 1994இல் அங்கே இத்தாலியக் கோப்பையை வென்றார்கள். 1995இல் யுவெண்டஸுக்குப் போனபோது யூகோவிச் தனியாகப் போகவில்லை. சாம்ப்டோரியாவின் லொம்பார்டோவும் வியர்கோவொட்டும் அதே கோடையில் அங்கே சேர்ந்தார்கள். யுவெண்டஸில் பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பி; நடுக்களத்தில் கூட்டாளி திதியே தேஷாம். 1997இல் எரிக்சன் லாசியோவுக்கு வந்தார். அதே ஆண்டு யூகோவிச்சும் லாசியோவுக்கு வந்தார். 1999இல் லிப்பி இண்டருக்குப் போனார். அதே ஆண்டு யூகோவிச்சும் இண்டரில் சேர்ந்தார். 2001இல் தேஷாம் மொனாக்கோவின் பயிற்சியாளர் ஆனார். யூகோவிச்சின் அடுத்த கிளப் மொனாக்கோ.

தினமும் பயிற்சிக் களத்தில் ஒருவரைப் பார்த்தவர்கள் மூன்று பேர்; அவர்கள் வேலை மாறியபோது அதே ஆள் மீண்டும் தங்களோடு சேர்ந்தார். ஒரு நடுக்கள வீரருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. இந்தத் தொடர்பைக் காணாமல் 'அலைந்தவர்' என்று எழுதுவது, வேலையை அறிந்தவர்களின் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு வெறும் எண்ணிக்கையை நம்புவதாகும்.

கோல் கணக்கை அளவுகோலாக்குவது

தாக்குதல் வீரருக்குப் பொருந்தும் அளவுகோல் இவருக்குப் பொருந்தாது. பந்தைப் பறிப்பது, இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஓடுவது, மற்றவர் முன்னேற இடம் விட்டுத் தான் பின்னே நிற்பது ஆகியவை அவர் வேலை. அதோடு, அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான உதை எந்தக் கோல் பட்டியலிலும் வராது.

1996 மே 22, ரோம். சாம்பியன்ஸ் லீக் (முந்தைய ஐரோப்பியக் கோப்பையின் புதிய பெயர்) இறுதியாட்டம், எதிரில் நடப்புச் சாம்பியன் அயாக்ஸ். யூகோவிச் தொடக்கப் பதினொருவரில் இல்லை. முதல் பாதி முடியும் தறுவாயில் அந்தோனியோ கோந்தேவால் தொடர முடியாமல் போக, 44ஆவது நிமிடத்தில் உள்ளே வந்தார். ரவனெல்லியும் லித்மனெனும் ஆளுக்கொரு கோல் அடிக்க, ஆட்டம் கூடுதல் நேரம் வரை போயும் 1-1. ஷூட்அவுட்டில் அயாக்ஸின் முதல் உதையை (டேவிட்ஸ்) யுவெண்டஸ் கோல்காப்பாளர் பெருசி தடுத்தார். நான்காவதையும் (சிலோய்) அவரே தடுத்தார். யுவெண்டஸுக்கு ஃபெராரா, பெசோட்டோ, பதொவானோ மூவரும் தவறாமல் அடித்திருந்தனர். நான்காவதாக நடந்து வந்த யூகோவிச் அடித்தால் கோப்பை. ஐந்தாவது உதைக்கே தேவை இல்லை. அடித்தார். 4-2.

ஷூட்அவுட் கோல்கள் வீரரின் கணக்கில் சேராது. அன்றைய பதிவேட்டில் அவருக்கு 'மாற்று வீரர், கோல் 0' என்றுதான் இருக்கும். இறுதியாட்டத்தின் அட்டவணையை மட்டும் பார்த்து எழுதுகிறவர் இதைத் தவறவிடுவார். 1998இல் லாசியோவிலும் கிட்டத்தட்ட இதே நெருக்கடி. இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் ஏசி மிலானிடம் 0-1 தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் மிலான் முதலில் கோல் அடிக்க, மொத்தத்தில் இரண்டு கோல் பின்னடைவு. பிறகு சுமார் பத்து நிமிடங்களுக்குள் கொத்தார்தி, யூகோவிச், நெஸ்தா மூவரும் அடித்து 3-1. யூகோவிச்சுடையது பெனால்டி. 1974க்குப் பிறகு லாசியோ வென்ற முதல் பெரிய கோப்பை அது.

கிளப்பின் புகழை வீரரின் கணக்கில் ஏற்றுவது

லாசியோ இத்தாலிய லீக்கை வென்றது 2000இல். யூகோவிச் அங்கிருந்து போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. இண்டர் யுயெஃபா கோப்பையை வென்றது 1998இல். அந்த இறுதியில் அவர் தோற்ற லாசியோ அணியில் இருந்தவர். மொனாக்கோ சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போனது 2004இல். அவர் அதற்கு முன்பே ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டார். பருவத்தின் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு இரண்டையும் சரிபார்த்தால் இந்தப் பிழை வராது.

தொண்ணூறுகளின் எல்லா இடமாற்றத்தையும் 1995 டிசம்பரின் போஸ்மன் தீர்ப்போடு (வீரர்களின் இடமாற்றத்தை எளிதாக்கிய ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு) முடிச்சுப்போடுவதும் இதே வகை அவசரம். வெளிநாட்டு வீரர்களுக்கான வரம்பை அந்தத் தீர்ப்பு நீக்கியது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். யூகோஸ்லாவியா ஒன்றியத்தில் இல்லை.

நாட்டின் பெயரிலும் ஆட்ட எண்ணிக்கையிலும் வரும் பிழை

'செர்பிய அணிக்காக ஆடினார்' என்று எழுதிவிடுகிறார்கள். அவர் காலத்தில் அந்தப் பெயரில் தேசிய அணி இல்லை. முதலில் பழைய கூட்டாட்சி யூகோஸ்லாவியா, பிறகு செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் மிஞ்சிய யூகோஸ்லாவியா. அவர் ஆடியது இவ்விரண்டுக்கும்தான். அவருக்குப் பின் வந்த தேயன் ஸ்டான்கோவிச் மூன்று உலகக் கோப்பைகளில் மூன்று பெயர் கொண்ட அணிகளுக்கு ஆடினார்: 1998இல் யூகோஸ்லாவியா, 2006இல் செர்பியாவும் மாண்டினீக்ரோவும், 2010இல் செர்பியா. இவர்களையெல்லாம் செர்பியர்கள் என்று சொல்வதில் பிழையில்லை. அணியின் பெயரை மட்டும் ஆண்டுக்கு ஏற்ப எழுத வேண்டும்.

யூகோவிச் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் 41. இவ்வளவு பெரிய வீரருக்கு இது குறைவாயிற்றே என்று சிலர் அவர் திறமையையே சந்தேகிக்கிறார்கள். 1992 மே இறுதியில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தடை விதித்தபோது யூகோஸ்லாவிய அணி யூரோவுக்காக (நாடுகளுக்கு இடையிலான ஐரோப்பியப் போட்டி) ஸ்வீடனில் இருந்தது. அதைத் திருப்பி அனுப்பினார்கள். அதன் இடத்துக்கு வந்த டென்மார்க் கோப்பையையே வென்றது. 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றும் போயிற்று, 1996 யூரோவும் போயிற்று. அணி மீண்டும் களமிறங்கியது 1994 டிசம்பர் 23 அன்று, பிரேசிலுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில்தான். 22 வயதிலிருந்து 25 வயது வரை ஆடுவதற்கு யூகோவிச்சுக்கு ஒரு தேசிய அணியே இல்லை. கால் வலு உச்சத்தில் இருக்கும் வயது அது. அவர் முதல் உலகக் கோப்பைக்குப் போனது 1998இல், 28 வயதில். ஆகவே 41 என்று எழுதுகிறவர்கள் அதே வரியில் அந்த இரண்டரை ஆண்டுத் தடையையும் சேர்த்து எழுத வேண்டும்.