காப்பியும் நாட்டுப்பாட்டும்: நம்ம ஊர்ல மாசம் ஒரு சாயங்காலம் நடத்துறது எப்படி

காரைக்குடி பக்கத்துல எங்க ஊர்ல மாசத்துல ரெண்டாவது சனிக்கிழம சாயங்காலம் ஒரு பழைய வீட்டு வளவுல, அதாவது வீட்டுக்குள்ள தாழ்வாரம் சுத்தி இருக்குற நடு முற்றத்துல, கூடுறோம். தெரிஞ்ச பாட்ட பாடுறோம், கேக்குறோம், காப்பி குடிக்கிறோம், எட்டரைக்கெல்லாம் கலைஞ்சிடுறோம். சம்பளத்துக்குன்னு ஒரு ஆள் கெடையாது, காப்பி போடுறதுல இருந்து ஜமுக்காளம் உதறுறது வரைக்கும் ஊர்க்காரங்க தான். மூணு வருசம் ஆச்சு. தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்தெல்லாம் எப்படி ஆரம்பிச்சீங்கன்னு கேக்குறாங்க, அவங்களுக்காகத் தான் இத எழுதுறேன்.

இந்த யோசனை எங்களுது இல்ல. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல சரடோகா ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊரு, அங்க 1960ல லீனா ஸ்பென்சரும் அவங்க வீட்டுக்காரர் பில்லும் கஃபே லீனான்னு ஒரு சின்ன காப்பிக்கடைய தொறந்து நாட்டுப்பாட்டுக்காரங்கள பாட வச்சாங்க, பாப் டிலன் பேர் வெளிய தெரியுறதுக்கு முன்னாடியே 1961ல அங்க வந்து பாடியிருக்கார், அந்த எடம் இன்னமும் நடக்குது. அதப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் தான் வந்துச்சு. அவங்களுக்கு எத்தனையோ தாலாட்டு தெரியும், நாங்க யாரும் உக்காந்து கேக்கல, அவங்களோடவே போயிருச்சு.

அதனால ஒண்ண மொதல்லயே மனசுல வச்சுக்கங்க. இது கச்சேரி இல்ல. மேடை, பொன்னாடை, ஃபிளெக்ஸ், சிறப்பு விருந்தினர் உரை இதெல்லாம் உள்ள வந்துச்சுன்னா பாட்டு ஓரமா போயிரும். கேக்குறதுக்கு ஒரு எடம், அவ்வளவு தான்.

1. ஆள் சேக்குறது

ஏழெட்டு பேர் போதும். காப்பிக்கு ரெண்டு பேர், வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல ஒருத்தர், பாடுறவங்கள கூட்டிட்டு வந்து திரும்ப வீட்ல விட வண்டி உள்ள ஒருத்தர், மைக்குக்கு ஒருத்தர், கணக்குக்கு ஒருத்தர், நடுவுல உக்காந்து பேச்சு குடுக்க ஒருத்தர். இதுல வண்டிக்காரர் தான் ரொம்ப முக்கியம், ஏன்னா கிராமத்துல இருந்து வர்ற வயசானவங்களுக்கு கடைசி பஸ் பயம் இருக்கும், அந்த பயத்தோட உக்காந்தா பாட்டு வராது. எல்லாரும் எல்லா வேலையும் பாப்போம்னு மட்டும் விட்டுறாதீங்க, அப்புறம் யாரும் பால் வாங்கியிருக்க மாட்டாங்க. ஆறு மாசம் ஓடுன பிறகு சங்கமா பதிவு பண்ணணும்னு தோணுச்சுன்னா பண்ணிக்கலாம், 1975ம் வருச தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அதுக்கு கொறஞ்சது 7 பேர் வேணும்.

2. வீடு பிடிக்கிறது

செட்டிநாட்டுல வீட்டுக்கு என்ன பஞ்சம்னு நெனப்பீங்க, பூட்டிக் கெடக்குற வீடு தெருவுக்கு தெரு இருக்கு தான். ஆனா சாவி வச்சிருக்கவர் ஒருத்தர், வீட்டுக்கு உரிமை உள்ளவங்க பத்து பதினஞ்சு புள்ளி, அதாவது குடும்பம். சென்னைல ரெண்டு, சிங்கப்பூர்ல ஒண்ணு, மலேசியாவுல ஒண்ணுன்னு இருப்பாங்க. நாங்க மொத தடவை சாவி வச்சிருந்த ஐயாகிட்ட மட்டும் கேட்டுட்டு நடத்திட்டோம், அன்னிக்கு ராத்திரியே வெளிநாட்டுல இருந்த ஒரு பங்காளி வாட்ஸப்புல படத்த பாத்துட்டு போன் போட்டு ரொம்ப வருத்தப்பட்டார், நியாயம் தான், அவர் வீட்டுல நடந்தத அவர் ஊரான் அனுப்புன படத்துல பாத்துருக்கார். இப்ப எல்லாப் பங்குக்காரருக்கும் மாசாமாசம் முன்கூட்டியே தகவல் போகுது, அவர் தான் இப்ப பாடுறவங்களுக்கு ஆசையா பணம் அனுப்புறவர்.

வீட்டு முன்பக்கம் இருக்குற முகப்புலயும் நடத்தலாம், வளவுலயும் நடத்தலாம். எனக்கு வளவு தான் பிடிக்கும், நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவுல வானம், சுத்தி உக்காந்தா எல்லார் மூஞ்சியும் எல்லாருக்கும் தெரியும். ஆனா ஐப்பசி கார்த்திகைல மழை பிடிச்சா நடு முத்தம் தண்ணியா நிக்கும், அந்த ரெண்டு மாசமும் முகப்புக்கு மாத்திக்கங்க. வீடு கெடைக்கலன்னா கோயில் மண்டபம், பள்ளிக்கூட ஹால், யாராவது ஒருத்தர் வீட்டு மொட்ட மாடி கூட போதும்.

3. பாடுறவங்கள தேடுறது

நிறைய பேர் இங்க தான் தடுக்கி விழுறாங்க. நாட்டுப்பாட்டுன்னு சொன்னதும் டிவில வர்ற ஆள கூப்புடணும்னு நெனக்கிறாங்க. நம்ம சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடில இருந்து கருப்பாயின்னு ஒரு அம்மா ரேடியோல பாடி, 1985ல ஆண்பாவம் படத்துல நடிச்சு தமிழ்நாடு பூராவும் தெரிஞ்சாங்க. வயக்காட்டுல பாடிட்டு இருந்தவங்க தான். அந்த மாதிரி பாடத் தெரிஞ்சவங்க இன்னும் ஒவ்வொரு ஊர்லயும் இருக்காங்க, நம்ம தான் போய் கேக்கல.

எங்க தேடுறதுன்னா, முளைப்பாரி எடுக்குற ஊருக்கு போங்க. அங்க பொம்பளைங்க ராத்திரி ராத்திரி கூடி கும்மி கொட்டிப் பாடுவாங்க, அதுல ஒருத்தங்க அடி எடுத்துக் குடுப்பாங்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க, அந்த அடி எடுத்துக் குடுக்குறவங்கள பாத்து வச்சுக்கங்க. நாத்து நடுற எடத்துல கேளுங்க, இப்ப மிஷின் வந்து நடவுப்பாட்டு கொறஞ்சாலும் அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு தெரியும். தைப்பூசத்துக்கு குன்றக்குடி வழியா பழனிக்கு நடக்குறவங்கள்ல காவடிச்சிந்து பாடுறவங்க இருப்பாங்க. நகரத்தார் வீடுகள்ல ஆச்சிமார்கிட்ட தாலாட்டு கேளுங்க, தாய்மாமன் சீர எவ்வளவு விலாவாரியா அடுக்கியிருக்காங்கன்னு கேக்கும்போதே தெரியும், ஒரு குடும்பத்தோட கதையே அந்தப் பாட்டுக்குள்ள இருக்கும்.

கேக்குற விதம் இருக்கு. "ஆச்சி, ஒரு பாட்டு பாடுங்க"ன்னா "எனக்கென்ன பாட்டு தெரியும், போப்பா"ன்னுருவாங்க. பாட்ட கேக்காதீங்க. "ஆச்சி, மாமா பொறந்தப்ப தொட்டில் எங்க கட்டியிருந்தாங்க, யாரு ஆட்டுவாங்க?"ன்னு கேட்டுட்டு பேசாம இருங்க. அவங்க சொல்லிக்கிட்டே வரும்போது பாட்டு தானா வந்துரும். ரெண்டு தடவை வீட்டுக்குப் போய் பேசிட்டு, மூணாவது தடவை தான் வளவுக்கு கூப்பிடணும். தனியா வரச் சொல்லாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேரோட சேத்து கூப்பிடுங்க.

ஒப்பாரி மட்டும் கவனம். நல்லா இருக்குற வீட்டுக்குள்ள ஒப்பாரி பாடக்கூடாதுன்னு நெனக்கிறவங்க நம்ம பக்கம் நிறைய. எனக்கு ஒப்பாரி மேல ரொம்ப மரியாதை உண்டு, ஆனாலும் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம உள்ள பாட விடமாட்டேன். பாடுறவங்களுக்கும் அது பழைய துக்கத்த கெளப்பிவிடும்ல, அவங்களா பாடுறேன்னு சொன்னா தான் பாடணும்.

4. பணமும் மரியாதையும்

நம்ம தன்னார்வலர். பறையடிக்கிறவரும் நையாண்டி மேளக்காரரும் தன்னார்வலர் இல்ல, அது அவங்க பொழப்பு. நம்ம சும்மா வேல பாக்குறோம்ங்கிறதுக்காக அவங்களையும் சும்மா வாங்கன்னு கூப்பிடுறது ரொம்ப தப்பு. கோயில்ல ஒரு நாளைக்கு என்ன வாங்குவீங்கன்னு நேராவே கேளுங்க, குடுக்க முடிஞ்சா கூப்பிடுங்க, முடியலன்னா காசு சேந்த பிறகு கூப்பிடுங்க. வெத்தல பாக்கோட அட்வான்ஸ் குடுக்குறது தான் அவங்க வழக்கம், நம்மளும் அப்படியே செய்யணும், போன்ல புக் பண்ணிட்டோம்னு நிக்கக் கூடாது. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி மாசத்துல கோயில் வேல இருக்கும், வரமாட்டாங்க, அந்த மாசங்கள்ல ஊர்ப் பாட்ட வச்சு ஓட்டுங்க. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல உறுப்பினரா இருக்காங்களான்னும் கேளுங்க, இல்லன்னா விண்ணப்பம் எழுத உதவி பண்ணுங்க, படிச்ச புள்ளைங்க நம்ம குழுவுல இருக்காங்கல்ல.

இப்ப சொல்றத தயவு செஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. பறைக்காரர் எந்த வாசல் வழியா உள்ள வர்றார், எங்க உக்கார்றார், எந்த டம்ளர்ல காப்பி குடிக்கிறார்னு மொத நாளே முடிவு பண்ணிருங்க. எல்லாரும் முன் வாசல், எல்லாருக்கும் ஒரே ஜமுக்காளம், எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர். வீட்டுக்காரர்கிட்ட வீடு கேக்கும்போதே இத சொல்லிருங்க. எங்களுக்கு ஒரு வீடு இதனாலயே கெடைக்காம போச்சு, நல்ல பெரிய வளவு, பர்மா தேக்குத் தூணு, பரவாயில்லன்னு வந்துட்டோம். பாட்டு மட்டும் உள்ள வரலாம், பாடுனவன் திண்ணையோட நிக்கணும்னா அந்தப் பாட்ட கேக்குறதுக்கே நமக்கு யோக்கியதை இல்ல.

செலவுக்கு வாசல்ல ஒரு பித்தளக் குடம் வைங்க, டிக்கெட் வேண்டாம், விருப்பப்பட்டவங்க போடட்டும். குடத்துல எவ்வளவு, பால் எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவுன்னு அடுத்த மாசம் ஒரு அட்டைல எழுதி அதே குடத்துமேல சாத்தி வச்சா யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க.

5. சத்தம்

ஆத்தங்குடிக் கல்லுத் தரை, வழுவழுன்னு சுண்ணாம்புச் சுவரு, ரெண்டும் சத்தத்த திருப்பி அடிக்கும், பாட்டு வார்த்த ஒண்ணோட ஒண்ணு கொழம்பிரும். ஜமுக்காளமும் கோரப்பாயும் தரை முழுக்க விரிங்க, தாழ்வாரத் தூணுக்கு நடுவுல பழைய பெட்ஷீட், சேல எதாவது தொங்க விடுங்க, பாதி சரியாயிரும். அம்பது பேருக்கு மைக்கே வேண்டாம். வயசானவங்க குரல் மெலிசா இருந்தா ஒரே ஒரு மைக், ஸ்பீக்கருக்கு பின்னாடி இருக்குற மாதிரி வைங்க, முன்னாடி வச்சா கீய்ய்னு கத்தும், ஆச்சி அதோட பயந்துருவாங்க.

பறை, தவில், உறுமி இதெல்லாம் வளவுக்குள்ள வேண்டாம், காது தாங்காது, வீட்டு முன்னாடி தெருவுலயோ பொட்டல்லயோ வைங்க. பறைய அடிக்கிறதுக்கு முன்னாடி தீயில காட்டி தோல விறைப்பாக்கணும், அதுக்கு கொஞ்சம் வைக்கோலும் காத்து மறைவா ஒரு எடமும் நீங்க தான் ஏற்பாடு பண்ணணும். ஒலிபெருக்கி வச்சா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக்குடுத்து அனுமதி வாங்கணும், 2000ம் வருச ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் தெறந்த வெளில வைக்கவே கூடாது. எட்டரைக்கு முடிச்சா எந்தப் பிரச்சனையும் வராது, பக்கத்து வீட்டுப் புள்ளைங்களும் படிக்கணும்ல.

6. காப்பி

60 பேருக்கு கணக்கு சொல்றேன். பொடி 400 கிராம், சிக்கரி அஞ்சுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். பெரிய ஃபில்டர்ல மத்தியானம் மூணு மணிக்கே எறக்கிருங்க, ஒன்னரை லிட்டர் டிகாஷன் வரும். பால் அஞ்சு லிட்டர், தண்ணி கலக்காதீங்க. டிகாஷன அடுப்புல வச்சு திரும்ப சூடு பண்ணாதீங்க கசந்துரும், பால் கொதிக்க கொதிக்க இருந்தா போதும். சர்க்கரை வேண்டாதவங்க இப்ப பாதிப்பேர், அதனால சர்க்கரைய தனியா வைங்க. வயசானவங்களுக்கு சுக்குமல்லி காப்பி ஒரு தூக்குச்சட்டி. பாடுறவங்களுக்கு வெதுவெதுப்பா வெந்நி எப்பவும் பக்கத்துல இருக்கணும்.

இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் ஆசையா தான் இருக்கும், ஆனா சுடச்சுட ஊத்திக்கிட்டே இருக்கணும், ஊத்துறவங்க ஒரு பாட்டும் கேக்க முடியாது, எங்க குழு அக்கா ஒருத்தங்க மூணு மாசம் அடுக்களையிலயே நின்னுட்டு அப்புறம் தான் சொன்னாங்க. இப்ப மாவுருண்டை, சீப்புச் சீடை, மணகோலம் மாதிரி முந்துன நாளே செஞ்சு வைக்கிறது தான்.

7. அன்னிக்கு சாயங்காலம்

ஆறு மணிக்கு வெளக்கேத்திட்டு நேரா பாட்டுக்குப் போயிருங்க. மொத அரை மணி நேரம் வட்டமா உக்காந்து யார் வேணும்னாலும் ஒண்ணு ரெண்டு பாட்டு, சின்னப் புள்ளைங்கள்ல ஆரம்பிச்சா பெரியவங்களுக்கு கூச்சம் போயிரும். அப்புறம் அன்னிக்கு வந்தவங்க நாப்பது நிமிசம், காப்பி இருபது நிமிசம், திரும்ப அவங்க. கடைசில கும்மி, அதுக்கு நடுவுல எடம் விட்டே உக்கார வைங்க, நாற்காலி வயசானவங்களுக்கு ஓரமா மட்டும்.

நடுவுல பேச்சு குடுக்குறவர் கொறச்சலா பேசணும். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, எப்ப பாடுவீங்க, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், இந்த மூணு கேள்வி போதும். நடவுப்பாட்டு வந்துச்சுன்னா கேக்குறவங்க பின்பாட்டு வாங்கணும், மொத ரெண்டு தடவை நம்ம குழு ஆளுங்க சத்தமா எடுத்தா மத்தவங்க சேந்துக்குவாங்க. குலவை போடத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் பின்னாடி இருந்தா வளவே எழுந்துரும். சினிமாப் பாட்டு கேட்டு யாராவது சத்தம் போடுவாங்க, அடுத்த மாசம் பாக்கலாம்னு அன்பா சொல்லிருங்க, அடுத்த மாசமும் வேண்டாம்.

8. ரெக்கார்டிங்

பாடுறவங்ககிட்ட கேக்காம போன நீட்டாதீங்க. பாடுனதுல பாடுனவங்களுக்கு சட்டப்படியே உரிமை இருக்கு. பதிவு பண்ணிக்கலாமா, யூடியூப்ல போடலாமான்னு ரெண்டு கேள்வியா தனித்தனியா கேளுங்க, ஒண்ணுக்கு சரின்னு சொன்னவங்க இன்னொண்ணுக்கு வேண்டாம்பாங்க. பதிவோட பேரு, ஊரு, வயசு, யார்கிட்ட கத்துக்கிட்டது, தேதி இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி ரெண்டு எடத்துல நகல் வைங்க, அவங்க பேரனுக்கு பேத்திக்கு ஒரு பென்டிரைவ்ல போட்டும் குடுத்துருங்க.

முடிஞ்சதும் மொத வேலை மேளக்காரருக்கு பாக்கிப் பணம், கவர்ல போட்டு கையில, எல்லாரும் கெளம்புறதுக்கு முன்னாடியே. அப்புறம் ஆச்சிமார வண்டில ஏத்தி வீட்டு வாசல் வரைக்கும் விடணும். அதுக்கப்புறம் டம்ளர் கழுவுறது, பாய் சுருட்டுறது, தரையில காப்பி சிந்துன எடத்த ஈரத்துணியால தொடைக்கிறது, ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் கீசிட் எதுவும் போட்டுறாதீங்க, தேங்காண்ணெய் தொட்டு துணியால தொடைச்சா போதும். சன்னல் எல்லாம் சாத்தியிருக்கான்னு ஒருத்தர் சுத்திப் பாத்துட்டு சாவிய ஐயா கையில குடுக்கும்போதே அடுத்த மாசத் தேதிய சொல்லிட்டு வந்துருங்க.