ஸ்டீரியோ ஆம்ப், புது சப்வூஃபர்: எந்த சாக்கெட்டில் எந்த ஒயர்?

என்னிடம் இருப்பது இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்பும், ஐந்து இன்ச் வூஃபர் வைத்த ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும். குரல், வயலின் எல்லாம் அருமையாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிடாரின் அடித்தந்தியும் மட்டும் மெலிந்துபோகும். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இந்த அளவுப் பெட்டிகள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே தளர ஆரம்பித்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்க சப்வூஃபர் வாங்கினேன். அப்போது தேடிக் கிடைத்த விளக்கங்கள் எல்லாம் ஹோம் தியேட்டர் ரிசீவருக்கானவை. ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே சப்வூஃபர் என்று சொல்வது, தனக்கென்று பவர் கார்டு உள்ள ஆக்டிவ் வகையை. பவர் கார்டு இல்லாத பாஸிவ் வகைக்குத் தனி ஆம்ப் வேண்டும்.

1. ஆம்பின் பின்பக்கம்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆம்பைத் திருப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். 'சப் அவுட்' என்று ஒரு சாக்கெட் இருந்தால் வேலை சுலபம். அதிலிருந்து ஓர் ஆர்.சி.ஏ. கேபிள் (டிவிடி பிளேயரில் மாட்டும் உருண்டை முனைக் கேபிள்), சப்வூஃபரின் இடது உள்ளீட்டுக்கு. 'ப்ரீ அவுட்' (வால்யூம் நாபைத் தாண்டிய சிக்னல் வரும் சாக்கெட்) என்று ஒரு ஜோடி இருந்தால் இரண்டு கேபிள், சப்வூஃபரின் இடது வலது இரண்டுக்கும். சில பழைய ஆம்ப்களில் ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் 'ப' வடிவ உலோகத்துண்டு இணைத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சும்மா விட்டால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஒவ்வொரு சேனலுக்கும் ஒன்று இரண்டாகப் பிரியும் ஒய் கேபிள் போட்டு, ஒரு கிளையை மெயின் இன்னுக்கும் மற்றதைச் சப்வூஃபருக்கும் கொடுங்கள்.

நான் சிக்கிய இடம் இதற்கு அடுத்தது. என் ஆம்பில் சப் அவுட்டும் இல்லை, ப்ரீ அவுட்டும் இல்லை. 'ரெக் அவுட்' என்று ஒரு ஜோடி இருந்தது. கடையில் கேட்டதற்கு "அதுவும் அவுட்தான் சார், போடுங்க" என்றார்கள். போட்டேன், பேஸ் வந்தது. ராத்திரி ஒரு போன் வந்ததும் வால்யூமைக் குறைத்தேன். பாட்டு அடங்கிவிட்டது, மூலையில் சப்வூஃபர் மட்டும் அதே வேகத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான்: ரெக் அவுட், டேப் அவுட் இரண்டும் கேசட்டில் பதிவு செய்வதற்காக வைத்தவை. ஆம்பின் வால்யூம் நாபுக்கு முன்பே சிக்னல் அங்கே பிரிந்து போய்விடுகிறது. நாபை எப்படித் திருப்பினாலும் அதன் அளவு மாறாது. சப்வூஃபருக்கு அந்தச் சாக்கெட் உதவாது.

2. சாக்கெட்டே இல்லையென்றால்: ஸ்பீக்கர் ஒயரிலிருந்து

சப்வூஃபரின் பின்னால் 'ஹை லெவல்' அல்லது 'ஸ்பீக்கர் லெவல்' என்று ஒயர் சொருகும் முனைகள் உண்டா பாருங்கள். வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் இது இருப்பதில்லை. ஆம்பில் ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கும் அதே முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி ஒயரை எடுத்து இங்கே கொடுக்க வேண்டும். ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ், இரண்டு சேனலும். இந்த உள்ளீடு ஆம்பிலிருந்து மிகக் குறைந்த கரண்ட்தான் எடுக்கும். அதனால் ஆம்புக்குச் சுமை ஏறுமோ என்ற பயம் வேண்டாம்.

ஒயரைத் தோலுரிக்க ஸ்ட்ரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். பிளேடால் சீவினால் இரண்டு மூன்று செம்பிழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலே ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடக்கூடும். இழைகளை நன்றாக முறுக்கி, செம்பு வெளியே தெரியாதபடி சொருகுங்கள்.

உங்களுடையது சின்ன கிளாஸ் டி ஆம்ப் என்றால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பலவற்றின் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது. அதிலும் சிக்னல் ஓடும். இடது வலது மைனஸ்களை ஒன்றாகச் சேர்ப்பதோ, ஆம்பின் உடலோடு இணைப்பதோ கூடாது. சப்வூஃபரின் கையேட்டில் இந்த வகை ஆம்புக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

3. 'ம்ம்ம்' என்ற இரைச்சல்

கேபிள் மாட்டியதும் தாழ்ந்த சத்தத்தில் ஓர் ரீங்காரம் வந்தால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவது. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைகிறது. ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சப்வூஃபர் நல்லபடிதான் இருக்கிறது. ஆம்பையும் சப்வூஃபரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள். ஆம்போடு டிவியோ செட்டாப் பாக்ஸோ இணைந்திருந்தால் கேபிள் டிவி ஒயரை ஒரு நிமிடம் பிடுங்கிப் பாருங்கள். என் வீட்டில் குற்றவாளி அதுதான். எர்த் பின்னை உடைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். அது உயிருக்குப் பாதுகாப்பு.

கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) நன்றாக உள்ள சாதாரணக் கேபிளே போதும்.

4. எங்கே வைப்பது

சப்வூஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியின் மேல் ஏற்றிவையுங்கள். போனை ஆம்போடு இணைத்து, டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 40, 50, 60, 70 ஹெர்ட்ஸ் என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டு நகருங்கள். நாலு டோனும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடம் வரும். சப்வூஃபரின் இடம் அதுதான்.

எனக்கு எந்தச் சுவரோரத்திலும் 50 சரியாகக் கேட்கவில்லை. கணக்குப் போட்டதும் புரிந்தது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. என் ஹால் 12 அடி நீளம், அதாவது 3.66 மீட்டர். அந்த நீளத்தில் 47 ஹெர்ட்ஸின் பாதி அலை அப்படியே பொருந்தி நின்றுவிடும். இரண்டு சுவரோரமும் அது குமுறும். நட்டநடுவில் காணாமல் போகும். என் நாற்காலி இருந்தது நட்டநடுவில். பெட்டியை எங்கே நகர்த்தினாலும் அது தீராது. நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளினேன், பேஸ் வந்து உட்கார்ந்தது.

5. நாப்கள்

கிராஸ்ஓவர் என்பது எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் வாசிக்க வேண்டும் என்று வைக்கும் நாப். அதை 80-இல் வை என்று எல்லோரும் சொல்வார்கள். அது ரிசீவருக்கான கணக்கு. ரிசீவர் ஸ்பீக்கருக்குப் போகும் பேஸையும் வெட்டிவிடும். நம் ஸ்டீரியோ ஆம்ப் பெரும்பாலும் வெட்டாது. ஸ்பீக்கரும் சப்பும் ஒரே சுரத்தைச் சேர்ந்து வாசித்தால் பானைக்குள் பேசுவது மாதிரி இருக்கும். 60-இல் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். நான் 65-இல் நிறுத்தினேன்.

ஃபேஸ் சுவிட்ச், சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அழிக்காமல் சேர்ந்து அதிர்வதற்கானது. அதற்கு இன்னொருவர் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு நீங்கள் உட்கார்ந்திருங்கள். அவர் 0, 180 என்று தட்டட்டும். எதில் சத்தம் கூடுதலோ அதுவே சரி.

சப்பின் வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். பெட்டி இருக்கும் திசை காதுக்குத் தெரிய ஆரம்பித்ததும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். நான் இதற்கு ஒரு கச்சேரிப் பதிவைத்தான் போடுவேன். தொப்பியின் 'தொம்' மிருதங்கம் இருக்கும் இடத்திலிருந்தே வர வேண்டும், மூலையிலிருந்து வரக்கூடாது. சரியான நிலை கிடைத்ததும் நாப் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டுவையுங்கள். வீடு துடைக்கும்போது கை பட்டு நகர்ந்துவிடும்.

பின்சேர்க்கை: சப்வூஃபரிலிருந்து பாடகர் குரலே வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கேபிளை 'எல்.எஃப்.இ.' உள்ளீட்டில், அதாவது ஹோம் தியேட்டர் ரிசீவரின் பேஸ் சேனலுக்கான சாக்கெட்டில், சொருகியிருக்கிறார். பெரும்பாலான பெட்டிகளில் அந்த வழி கிராஸ்ஓவரைத் தாண்டிப் போய்விடும். 'லைன் இன்'னுக்கு மாற்றியதும் சரியானது.

இன்னொன்று: இரவில் மெதுவாகக் கேட்கும்போது சப்வூஃபர் தானே அணைந்துவிடுகிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். பின்னால் உள்ள 'ஆட்டோ' சுவிட்சுக்கு அந்தச் சன்னமான சிக்னல் போதவில்லை. 'ஆன்' பக்கம் தள்ளிவிட்டு, கேட்டு முடித்ததும் போர்டில் அணைத்துவிடுங்கள்.