எஸ்.எஸ்.பி. பேச்சுக்குக் குறுகிய ஃபில்டர்: தேர்வில் நேரும் தவறுகள்

எஸ்.எஸ்.பி. என்பது ஒரே பக்கப்பட்டையை மட்டும் அனுப்பும் ரேடியோ பேச்சு முறை. ஃபில்டர் என்பது ரிசீவரில் வேண்டிய அலைவெண் பகுதியை மட்டும் கடக்கவிடும் உறுப்பு. நாற்பது மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவெண்களில்) காலை நேர நெட்டுகளில், அதாவது குழு உரையாடல்களில், கலந்துகொள்ளும் கொங்கு வட்டார ஹாம்களில் (அமெச்சூர் வானொலியாளர்களில்) பலர், இரைச்சல் மிகுந்தவுடன் 2.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரை விட்டு 1.8-க்குத் தாவுகிறார்கள். வந்திருப்பது எந்த வகை இரைச்சல் என்று பாராமலே அகலத்தைக் குறைப்பதுதான் முதல் தவறு. சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்கூடங்களின் எல்.இ.டி. விளக்குகளும், மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்களும் கிளப்பும் இரைச்சல் பேண்ட் முழுவதும் பரவி நிற்பது. ஃபில்டரை இவ்வாறு குறுக்கினால் இந்த இரைச்சல் ஏறத்தாழ 1.25 டெசிபெல்தான் குறையும், காது அதை உணர்வதே அரிது. அதை அது பிறக்கும் இடத்திலேயே கம்பியில் மாட்டும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையம் கொண்டு அடக்கப் பார்க்க வேண்டும். குறுகிய ஃபில்டர் உதவுவது, இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொருவர் பேசும்போதுதான். அவரே மைக் கெயினை (மைக்கின் பெருக்க அளவை) அளவுக்கு மீறித் திருகியிருந்தால், சிதறி வரும் ஒலி நம் அலைவெண்ணுக்குள்ளேயே விழும். அதை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது.

விலைப்பட்டியலில் உள்ள அகலத்தை மட்டும் நம்பி வாங்குவது இதைவிடப் பெரிய தவறு. அந்த எண் பெரும்பாலும் சிக்னல் 6 டெசிபெல் குறையும் இடத்தில் அளந்தது. வலுவான அண்டை நிலையத்தைத் தடுப்பதோ 60 டெசிபெல் குறைவில் உள்ள அகலம். மூன்று மடங்கு விரியும் 1.8 ஃபில்டர் அங்கே 5.4 கிலோஹெர்ட்ஸ் அகன்றிருக்கும். ஒன்றரை மடங்கே விரியும் 2.4 ஃபில்டர் 3.6-இல் நின்றுவிடும். பெயரில் குறுகியது, வேலையில் அகன்றதாகிவிடுகிறது.

குறுக்கிய ஃபில்டரை எங்கே நிறுத்துவது என்பதில் கவனம் வைப்பவர் குறைவு. 200 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை நிறுத்தினால் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல் அடைத்துக் கேட்கும். கனம் இருக்கும், ஆனால் எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மேல் அலைவெண்கள் போய்விடுவதால் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியில் ‘பி’ எது, ‘டி’ எது என்று தடுமாற நேரும். ஃபில்டர் நிற்கும் இடத்தை நகர்த்தும் ஐ.எஃப். ஷிஃப்ட் குமிழைத் திருப்பி 600 முதல் 2,400 வரை நகர்த்தினால், குரல் மெலிந்தாலும் சொல் விளங்கும்.

ரிசீவரின் கடைசியில் மாட்டும் ஆடியோ ஃபில்டரிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. அண்டை நிலையம் ஏ.ஜி.சி.யை (சிக்னல் வலுத்தால் பெருக்கத்தைத் தானே குறைக்கும் சுற்றை) ஏற்கெனவே இழுத்துவிட்டிருக்கும். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நாம் கேட்கும் மெல்லிய குரல் அமுங்கும்.

பிட்எக்ஸ் போன்ற டிரான்சீவரை (அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவியை)த் தாமே கட்டுவோர், கிரிஸ்டல்களை வரிசையாக இணைத்த கிரிஸ்டல் ஏணி ஃபில்டரின் கெப்பாசிட்டர்களை மட்டும் பெரிதாக்கி அகலத்தைக் குறைக்கிறார்கள். அப்போது ஃபில்டரின் மின்மறுப்பும் (இம்பீடன்ஸ்) இறங்கும். இரு முனைகளையும் அதற்கேற்பப் பொருத்தாவிட்டால், பேச்சு கடக்கும் பகுதியிலேயே மேடு பள்ளங்கள் எழும்.