16 பிட்டில் எடிட் செய்தும் பிரிண்டில் நிறம் வெளுக்கிறதா?

போன மாதம் தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களைப் பிரிண்டுக்குக் கொடுத்தேன். மயில்கழுத்து நிறப் பட்டு. மடிப்பு திரும்பும் இடத்தில் பச்சையும் நீலமும் மாறி மாறி மின்னும். பிரிண்டில் அந்த மடிப்பு வெளுத்துக் கிடந்தது. 16 பிட்டில்தானே எடிட் செய்தோம் என்று இரண்டு நாள் அதையே குடைந்தேன். கோளாறு பிட்டில் இல்லை; கேமட்டை, அதாவது எந்தெந்த நிறம் அடங்கும் என்ற எல்லையை, மாற்றிய விதத்தில் இருந்தது.

புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலின் பரப்பு கேமட். எத்தனை புள்ளி வைக்கிறோம் என்பது பிட் ஆழம். 8 பிட் என்றால் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 256 புள்ளி. எவ்வளவு நெருக்கி வைத்தாலும் வாசல் பெரிதாகாது. படக் கோப்புகளின் நிறவெளிகளில் எஸ்ஆர்ஜிபி சின்ன வாசல். அடோப் ஆர்ஜிபி பச்சை, நீலப்பச்சைப் பக்கம் அதைவிட அகலம். ப்ரோஃபோட்டோ இன்னும் பெரிது. அங்கே 256 புள்ளியைப் பரப்பினால் இடைவெளி விழுந்து வானம் பட்டை பட்டையாகத் தெரியும். அதனால் ப்ரோஃபோட்டோவுக்கு 16 பிட் கட்டாயம்.

1. ராவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். ராவை டெவலப் செய்ய டார்க்டேபிள் போதும், இலவசம். 16 பிட் டிஃப் கோப்பு, அடோப் ஆர்ஜிபி என்று வைத்து ஏற்றுமதி செய்யுங்கள்.

2. பிரிண்ட் போடும் லேபிடம் ஐசிசி ப்ரொஃபைல் (அவர்களின் பிரிண்டரிலும் தாளிலும் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்குங்கள். போட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-ஷிப்ட்-ஒய் அழுத்தினால் தாளில் வராத நிறங்கள் சாம்பலாகும். அந்த இடத்தில் மட்டும் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) கொஞ்சம் குறையுங்கள்.

3. நான் சறுக்கியது இங்கேதான். என் லேப் எஸ்ஆர்ஜிபி கேட்டது. எடிட் மெனுவில் அசைன் ப்ரொஃபைல், கன்வர்ட் டு ப்ரொஃபைல் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். நான் அசைன் கொடுத்துவிட்டேன். எஸ்ஆர்ஜிபியின் முழுப் பச்சை 0, 255, 0. அதே பச்சை அடோப் ஆர்ஜிபியில் 144, 255, 60. கன்வர்ட் செய்தால் எண் மாறும், நிறம் நிற்கும். அசைன் செய்தால் எண் நிற்கும், நிறம் மாறிவிடும்: 144, 255, 60 என்பதை எஸ்ஆர்ஜிபி என்று படித்தால் மஞ்சளோடிய வெளிர்பச்சைதான் வரும். கன்வர்ட்டில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் (அடங்காத நிறத்தை மட்டும் எல்லைக்கு இழுப்பது), பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் (கருமையைப் பொருத்துவது) இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். எஸ்ஆர்ஜிபிக்குப் பதில் லேபின் ஐசிசி ப்ரொஃபைலுக்கே கன்வர்ட் செய்வதானால், அடர்நிறம் நிறைய இருக்கும் பட்டுக்கு பெர்செப்சுவலையும் (எல்லா நிறத்தையும் சேர்த்துச் சுருக்குவது) ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

4. 8 பிட்டுக்குக் குறைப்பது கடைசியில். ஜேபெக் சேமிக்கும்போது ப்ரொஃபைலைச் சேர்க்கும் டிக்கை எடுத்துவிடாதீர்கள்.

மறுபிரிண்டில் மடிப்பின் பச்சை திரும்பிவிட்டது. பட்டின் மினுக்கம் தாளில் வராது, அது வேறு விஷயம்.

பின்சேர்க்கை: ஜேபெக்கை 16 பிட்டாக மாற்றினால் நிறம் கூடுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. எடுக்கும்போதே விட்டுப்போன நிறம் திரும்பாது. அதற்குமேல் செய்யும் திருத்தங்களில் நிறப் படிகள் உடையாமல் இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, ஐஃபோன் படங்கள் பெரும்பாலும் டிஸ்ப்ளே பி3 என்ற நிறவெளியில் இருக்கும். அவற்றுக்கும் மூன்றாவது படி அப்படியே பொருந்தும்: கன்வர்ட்தான், அசைன் இல்லை.