முதல் வேலைக்கு ரெஸ்யூம்: பி.காம். முடித்தவர்களுக்கு

கணக்கர் வேலை தேடுகிறீர்களா? நண்பரின் ரெஸ்யூமை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்ப வேண்டாம். முதலில் ஒரு வெள்ளைத்தாளில், கல்லூரிக் காலத்தில் செய்த வேலைகளையெல்லாம் சிறியது பெரியது பாராமல் எழுதுங்கள். மாமா கடையில் பில் போட்டது, தணிக்கையாளர் அலுவலகத்தில் வவுச்சர் அடுக்கியது, எதையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, அவற்றை ரெஸ்யூமுக்குரிய வரிகளாக்க வேண்டும். நேரத்தை இங்கேதான் தாராளமாகச் செலவிட வேண்டும். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியைப் பற்றி, ‘டேலி நன்றாகத் தெரியும்’ என்று பலரும் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘ஜவுளிக்கடையில் ஆறு மாதம் பகுதிநேர வேலை. டேலி பிரைமில் கொள்முதல், விற்பனை பில்களைப் பதிவு செய்தேன். வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரிக்க உதவினேன். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு விற்பனை விவரங்களைத் தொகுத்துக் கொடுத்தேன்.’

ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டி படிவம். அதைத் தாக்கல் செய்தவர் தணிக்கையாளர் என்றால், நீங்கள் செய்ததாக எழுதக் கூடாது. ‘ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசித் தேதி என்ன?’ என்று நேர்முகத் தேர்வில் கேட்டால், மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11 என்று வேலை பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இப்படியொரு கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள். பதில் வராத வரியை அடித்துவிடுங்கள்.

அரியர் வைத்துத் தேறியிருந்தால் தேறிய ஆண்டையே எழுதுங்கள்; மதிப்பெண் பட்டியலில் எப்படியும் தெரிந்துவிடும். இடையில் ஓராண்டு சும்மா போயிருந்தால், காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். ‘சி.ஏ. இன்டர் தேர்வுக்குப் படித்தேன்’ என்பது போதும்.

பணம் கொடுத்தால் இரண்டாண்டு அனுபவச் சான்றிதழ் தருவதாகச் சில இடைத்தரகர்கள் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். வேலைக்குத் தவிக்கும் பிள்ளைகளிடம் இப்படிப் பறிப்பதை நினைத்தாலே ஆத்திரம் வருகிறது. பி.எஃப். சந்தாதாரர்களுக்கு 2014 முதல் யுஏஎன் என்ற 12 இலக்க எண் உண்டு. எங்கே எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதெல்லாம் அதன்கீழ் பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் அதைப் பார்க்கும் நிறுவனங்கள் பல. பொய் வெளிப்பட்டால், சேர்ந்து மாதங்கள் கழிந்த பிறகும் வேலை போய்விடலாம்.

முதல் வேலைக்கு ஒரு பக்கம் போதும். ஆதார் எண், மதம், சாதி, பெற்றோர் வருமானம் எதுவும் வேண்டாம். பிடிஎஃப் கோப்பாக்கி, அதற்கு உங்கள் பெயரையே வையுங்கள். கைபேசி எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.